பங்களா முன்னறையை லோரியில் ஏற்றியது

எதிர்த்துக் கேட்க ஓர் ஆளும் இல்லாத ஏலத்தில், என் விலையை நானே இரண்டு முறை உயர்த்தி ஒரு பழைய நிலைக்கண்ணாடியை வாங்கியவன் நான். ஏலம் போட வந்தவர் சிங்கப்பூர்ச் சட்டைக்காரர். நான் முதலில் கை தூக்கியதும் அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "லாகி? சியாப்பா லாகி?" என்று மலாயில் கூவினார். இன்னும் யார் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்குப் பின்னால் யாரோ கேட்டுவிட்டதாக எண்ணி மறுபடியும் தூக்கினேன். அவர் மறுபடியும் கூவினார். மூன்றாவது முறை தூக்கியபோது, பாவம், அவருக்கே பொறுக்காமல் சுத்தியலைத் தட்டி முடித்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றது ஒரு ரம்புத்தான் மரம்.

அந்த மரத்தோடு போட்டி போட்டு வென்ற கண்ணாடியும், கூட வந்த சாமான்களும், எங்கள் வீட்டை என்ன செய்தன என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அது தீர்ந்துபோய் வருஷங்களாகின்றன.

செடெனாக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பத்தொன்பது வருஷம் கிராணியாக இருந்தேன். கிராணி வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு: விடியுமுன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், சாயங்காலம் அவர்கள் செய்த வேலையைப் புத்தகத்தில் எழுத வேண்டும், புத்தகத்தைத் துரையிடம் காட்டி ஏச்சு வாங்க வேண்டும். இடையில் படிக்க நேரம் கிடைக்கும். துரை படித்துத் தூக்கிப்போட்ட ஆங்கிலப் பத்திரிகைகள் முழுவதையும் நான் படித்திருக்கிறேன். என்னைப் படித்தவன் என்று தோட்டத்தில் சொல்வார்கள். என் படிப்பு அந்தப் பங்களாவின் குப்பைத் தொட்டியில்தான் நடந்தது என்பதை நான் யாரிடமும் விவரித்ததில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. மரம் சீவ ஆள் வேண்டாம் என்று ஆனபின், சீவியவர்களை எண்ண ஆள் எதற்கு? முதலில் ஜனங்களுக்குக் கப்பல் சீட்டு வந்தது. அப்புறம் எனக்கு நோட்டீஸ் வந்தது. கடைசியில் துரைக்கே சீமையிலிருந்து கடிதம் வந்தது. அன்று ஒரு நாள் நாங்கள் இருவரும் சமமாக இருந்தோம். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஜொகூர் பாருவில் ஓர் அரிசி மண்டியில் எழுத்து வேலை கிடைத்தது. தம்போயில் ஒரு வாடகை வீடு பார்த்தேன். பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னறை, ஒரு படுக்கையறை, பின்னால் சமையலறை. தோட்டத்துக்கு வெளியே எங்களுக்கு அமைந்த முதல் வீடு. அதாவது, யாரோ ஒருவர் பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியாத முதல் வீடு.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் அந்தப் பங்களாவுக்குள் வீட்டு வேலைக்குப் போய், நான் கட்டிக்கொள்ளும் வரை ஆறு வருஷம் அங்கேயே இருந்தாள். துடைப்பது, மெழுகுவது, தேய்ப்பது, துரைசாணி மணி அடித்தால் ஓடிவந்து நிற்பது. ஒரு கிராணி பங்களா வேலைக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று மற்றக் கிராணிகள் இரண்டு வருஷம் என்னோடு வெற்றிலை மாற்றவில்லை. நான் அதைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சம் கர்வமாகவே திரிந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தம்போய் வீட்டைப் பற்றிச் சொன்ன அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"ஏங்க, முன்ரூம்பு எவ்வளவு பெருசு?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அதுல ஒண்ணும் போடாதீங்க. ஒரு பாய் போதும். நா நட்டநடுவுல காலை நீட்டிக்கிட்டு உக்காரணும். எந்தப் பக்கம் நீட்டுனாலும் ஒண்ணும் இடிக்கக் கூடாது. தொடைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது."

"பாய் மட்டுமா? பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?"

"யாரு பாக்குறா? வெறும் வூடா இருக்கட்டுங்க. அதுதான் எனக்கு வேணும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி பேச முடியாது. ஆனால் நான் படித்தவன் அல்லவா? பழைய மரச்சாமானுக்கு ஒரு கம்பீரம் உண்டு, அது புதுப் பணக்காரனுக்குக் கிட்டாது என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அவள் கேட்டதை ஆசை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசைப்படத் தெரியாததால் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

துரைசாணி முந்தின மாதமே கப்பலேறிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களாச் சாமான்களை வெளியே புல்தரையில் இறக்கி லேலோங் போட்டார்கள். ஏலத்துக்கு ஊரில் அதுதான் பெயர். குலாயிலிருந்து இரண்டு சீன முதலாளிகள் வந்து கட்டிலையும் இரும்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சத்தின் முன்னால் நானும், ரம்புத்தான் மரமும், தோட்டத்து ஜனங்களும் நின்றோம்.

ஜனங்கள் வாங்க வந்தவர்களல்ல. அன்று மதியம் ரயிலேறி, மறுநாள் நாகப்பட்டணத்துக்குக் கப்பலேற வேண்டியவர்கள். மூட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு, ரயில் வரும் வரை வேடிக்கை பார்க்க வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது வருஷம் நான் பெயர் கூப்பிட்ட முகங்கள். அவர்களின் கண் முன்னால்தான் நான் ஒவ்வொன்றாக வாங்கினேன்: ஆளுயரக் கண்ணாடி, ஓடாத நெட்டைக் கடிகாரம், தொப்பி மாட்டும் மான்கொம்பு, பளிங்கு போட்ட முகம் கழுவும் மேசை, அதன்மேல் பீங்கான் ஜாடியும் குண்டாவும், பனியில் ஆடு மேய்கிற படம் ஒன்று, சீமைக் கணப்படுப்பின் முன்னால் நிறுத்துகிற பூவேலைத் தட்டி ஒன்று.

கடைசிச் சாமானை நான் தூக்கிக்கொண்டு வந்தபோது, மூட்டைமேல் உட்கார்ந்திருந்த, மரம் சீவும் பால்வெட்டுக்காரம்மா ஒருத்தி கேட்டாள்: "கிராணி ஐயா, அந்தத் தட்டி எதுக்குங்க?"

"குளிர் காயும்போது முகத்தில் சூடு படாமல் இருக்க."

"குளிரா? இந்த ஊர்லயா? அலமாக்!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்க நாகப்பட்டணத்துக்குத்தான் போறோம். நீங்க சீமைக்கே போறாப்புல இருக்கே!"

வேலியோரம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் அந்தத் தோட்டத்தில் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த வகையில் தட்டி வீண் போகவில்லை.

லோரிக்காரர் சிம்பாங் ரெங்கத்துக்காரர். சாமானை ஏற்றக் கை கொடுத்தபடியே சொன்னார்: "வெள்ளைக்காரன் கப்பல்ல போய்ட்டான். நீங்க அவன் வூட்டையே லோரியில ஏத்துறீங்க. அவன் மட்டுந்தான் பாக்கி. அவன் இன்னும் ரெண்டு நா பொறுத்திருந்தா அவனையும் லேலோங்ல எடுத்திருக்கலாம் லா."

உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் புத்தகத்தை ஏந்திக்கொண்டு பங்களாவின் பின்வராந்தாவில் நின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால், பாதி திறந்த கதவு வழியாக முன்னறையில் கால்வாசி தெரியும். கண்ணாடியின் ஓர் ஓரம், மான்கொம்பில் ஒரு கிளை, கடிகாரத்தின் கீழ்ப்பாதி. மீதி முக்கால்வாசியை அன்றுதான் புல்தரையில் பார்த்தேன். பார்த்ததும் கை தானாக மேலே போய்விட்டது. மனைவிக்காக வாங்குகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் துடைத்த கண்ணாடியில் இனி அவளே முகம் பார்ப்பாள். அதைவிடப் பெரிய பழிவாங்கல் உண்டா? இப்படியெல்லாம் லோரியில் உட்கார்ந்து தம்போய் வரைக்கும் எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டு வந்தேன். கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. வழியில் அத்தனை பள்ளம் இருந்தும் உடையவில்லை.

அவள் பாத்திர பண்டங்களைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்து ரயிலில் வருவதாக ஏற்பாடு. அந்த இரண்டு நாளும் நான் முன்னறையை அடுக்கினேன். பங்களாவில் எது எங்கே இருந்ததோ, பாதி திறந்த கதவு வழியாக நான் பார்த்த ஞாபகப்படி, அதே இடத்தில் வைத்தேன். கடிகாரம் தகரக் கூரையை முட்டியது. கொஞ்சம் சாய்த்து நிறுத்தினேன். வாசற்கதவைத் திறந்ததும் அவள் உருவம் அவளுக்கே தெரியும்படி கண்ணாடியை நேரே வைத்தேன்.

அவள் வந்தாள். தலையில் குத்துவிளக்கைச் சுற்றிய துணி மூட்டை, கையில் புதுப் பானை. வாசலைத் தாண்டி வலது காலை வைத்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பார்த்த கணத்தில் சட்டென்று சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க." ஓர் அசட்டுச் சிரிப்பு. "வேலக்காரங்க கண்ணாடியில தெரியக் கூடாதுன்னு துரைசாணி சொல்லும். அந்தப் பக்கமா சுத்தித்தான் போவணும்."

நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். இதெல்லாம் இனி உன்னுடையது, நீ துடைத்ததெல்லாம் உனக்கே வந்து சேர்ந்துவிட்டது என்றேன். நன்றாகத்தான் பேசினேன். அவள் மூட்டையை இறக்காமலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். காலை நீட்டி உட்கார எங்கே இடம் என்று தேடினாளோ என்னவோ. நடுவில் பளிங்கு மேசை நின்றது.

"அந்த மான்கொம்புல மூணாவது கெளைய பாருங்க" என்றாள் கடைசியில். "ஒட்டு போட்டிருக்கும்."

பார்த்தேன். இருந்தது.

"நா ஒடச்சது. அதுக்கு எங்கம்மா வந்து துரைசாணி கால்ல வுழுந்துச்சு."

பேச்சில் அடுத்து என்ன வர வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் பால் காய்ச்ச நல்ல நாள். புது வீட்டில் பால் காய்ச்சுவது தெரியாதவர் யார்? கிழக்குப் பார்த்துப் பானையை ஏற்றி, பால் பொங்கி வழிவதை வீட்டுக்காரி கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அந்த வீடு அவளுடையது. மற்றச் சாமி விஷயங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டென்றாலும், அன்று காலையில் அவள் குளித்துத் தலையில் ஈரத் துணியோடு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். அங்கே சும்மா இருந்திருக்கலாம். பீங்கான் ஜாடியை நகர்த்தினேன். உள்ளே ஏதோ உருண்டது. கையை விட்டு எடுத்தேன். சின்னப் பித்தளைக் கைமணி. ஏலச் சாமானோடு கொசுறாக வந்திருக்கிறது.

உடனே எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. என் ஆயுளில் எனக்குத் தோன்றிய வேடிக்கைகளில் அதுவே மோசமானது. இனிமேல் இந்த மணியை நீ அடி, நான் ஓடிவந்து கைகட்டி நிற்கிறேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவள் இங்கே வர வேண்டும். கூப்பிடுவதற்குப் பதிலாக மணியை ஒரு தரம் ஆட்டினேன்.

ஒரே ஒரு தரம்தான்.

அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். ஓடிவந்த மூச்சுகூடத் தெரியாமல் நின்றாள். ஈரக் கை அதற்குள் முந்தானையில் துடைக்கப்பட்டிருந்தது. இடது கைமேல் வலது கை, கண் தரையில். "யெஸ் மேம்" என்றாள்.

பன்னிரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பதின்மூன்று வயதுக் குரல்.

என் கையில் மணி இருந்தது. அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். முதலில் மணியை, அப்புறம் என்னை. நான் சிரிக்க முயன்றேன் என்று நினைக்கிறேன். அப்போது சமையலறையில் 'சொய்' என்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஓடினோம். பால் பொங்கி நாலு பக்கமும் நன்றாகவே வழிந்திருந்தது. அடுப்பு அணைந்து, ஈரச் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது.

"பொங்கிருச்சுங்க" என்றாள்.

"நீ பார்த்தாயா?"

"நீங்கதான் கூப்பிட்டீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் கணக்காகச் சொன்னாள், அவ்வளவுதான். மிச்சம் இருந்த பாலில் சர்க்கரை போட்டு எனக்கு ஒரு தம்ளர் கொடுத்தாள். பிறகு மூட்டையிலிருந்து ஒரு பழைய துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கண்ணாடியின் முன்னால் நிற்காமல், பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டித் துடைக்கத் தொடங்கினாள். முதலில் ஈரத் துணி, அப்புறம் உலர்ந்த துணி, அப்புறம் வாயால் ஊதி மறுபடியும் ஒரு தரம். அதன் பின் கடிகாரம். அதன் பின் கொம்பு, கிளை கிளையாக. வரிசை அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"விடு, நாளைக்குச் செய்யலாம்" என்றேன்.

"தூசி இருக்குங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே வரிசை. நான் கெஞ்சியிருக்கிறேன், கோபித்திருக்கிறேன், நானே துடைக்கிறேன் என்று துணியைப் பிடுங்கியிருக்கிறேன். நான் துடைத்தால் அவள் பின்னாலேயே வந்து திரும்பத் துடைப்பாள். காலை நீட்டி உட்கார்வது சமையலறை வாசலில்தான். அதுவும் கால் உள்பக்கமாக இருக்கும். முன்னறையைப் பார்த்து நீட்ட மாட்டாள்.

முதல் வாரமே மணியை எடுத்துக்கொண்டு போய்த் தம்போய் ஆற்றில் போட்டேன். ஆற்றில் அப்போது முழங்கால் தண்ணீர்கூட இல்லை என்பதைப் பத்திரிகை படிக்கிறவன் கவனிக்கவில்லை. மறுநாள் அடுத்த வீட்டம்மா துணி துவைக்கப் போன இடத்தில் அதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "உங்க வூட்டு மணிதானே இது? இந்தப் பக்கத்துல வேற யாருகிட்ட இருக்கப் போவுது!" என் மனைவி அவளுக்கு நன்றி சொல்லி, புளி போட்டுத் தேய்த்து, மேசைமேல் வைத்தாள்.

அப்புறம் எல்லாவற்றையும் விற்றுத் தொலைக்கப் பார்த்தேன். அந்தக் காலத்தில் துரைமார் நாடெங்கும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் போன்ற வாடிக்கைக்காரன் இன்னொருவன் பிறக்கவில்லை. பழைய சாமான் வாங்கும் சீனர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். கடிகாரத்தைத் தட்டினார். தட்டியைப் பார்த்து ஏதோ தம் மொழியில் சொல்லிச் சிரித்தார். "தா லாகு" என்று கையை விரித்தார். விலை போகாது. பித்தளை மணியை மட்டும் நிறுத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவாவது போகட்டும் என்று எடுத்து நீட்டினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வேணாங்க. ஒரு சாமான் கொறஞ்சா யாரு பதில் சொல்றது?"

அவள் முகத்தில் சிரிப்பில்லை. வேடிக்கையாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் வந்திருக்கும். அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இப்படியே நான்கு வருஷம் போயிற்று. முன்னறையில் நானும் உட்கார்வதில்லை. அந்த அறை பங்களாவில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது; அதை நான் இப்போது முழுதாகப் பார்க்க முடிகிறது. சாயங்காலம் மண்டியிலிருந்து வந்ததும் பழக்கத்தில் பின்பக்கமாகவே நுழைகிறேன். படுக்கையறையில் உட்கார்ந்து படிக்கிறேன். கதவைப் பாதி திறந்து வைத்தால் அங்கிருந்து கண்ணாடியின் ஓர் ஓரமும் கொம்பில் ஒரு கிளையும் தெரியும்.

போன தீபாவளிக்கு அடுத்த வீட்டம்மா பலகாரத் தட்டோடு வந்தாள். நான் உள்ளே பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். அவள் முன்னறையில் நின்று ஒவ்வொன்றாக வியந்துகொண்டிருந்தாள்.

"எக்கா, எப்புடிக்கா இம்புட்டுப் பளபளன்னு வெச்சிருக்கீங்க? அந்தப் பங்களாவுலகூட இப்புடி இருந்திருக்காது."

"அங்கயும் நாந்தான் தொடச்சேன்" என்றாள் என் மனைவி, தட்டில் முறுக்கை மாற்றிக்கொண்டே. "ஒரே ஒரு வித்தியாசந்தான். அங்க சம்பளம் குடுத்தாங்க."